செத்த குட்டியின் சட்டை

என் வாய் பெருசுன்னு ஊருக்கே தெரியும். பால் வண்டி ஓட்டுறவ, கூடவே வாயையும் ஓட்டுறவன்னு எனக்கு 'ஹாரன்'னு பேரு வச்சிருக்காங்க. வச்சுக்கட்டும். இப்போ நான் சொல்லப்போறதை மெதுவா சொல்லு, பொறுமையா சொல்லுன்னு மட்டும் யாரும் என்கிட்ட வராதீங்க. பொறுமை எல்லாம் அந்தக் கிடாக்காரன் வாசல்லயே காலியாயிடுச்சு.

முதல்ல சட்டைன்னா என்னன்னு சொல்லிடறேன். எங்க ஊர்ல வீட்டுக்கு வீடு வெள்ளாட்டுப் பட்டி. குட்டி போடுற காலத்துல ஒரு ஆட்டுக்குக் குட்டி செத்துப் பொறக்கும். இன்னொரு ஆடு மூணு போட்டுட்டு ரெண்டுக்குத்தான் பால் கொடுக்கும். அந்த மிச்சக் குட்டியைக் கொண்டுபோய் குட்டி செத்த ஆட்டுக்கிட்ட விட்டா அது சும்மா விடுமா? மோந்து பார்த்துட்டு முட்டித் தள்ளிடும். அதனால செத்த குட்டியோட தோலை ஈரம் காயறதுக்குள்ள உரிச்சு, காலுக்கு ஓட்டை விட்டு, உயிரோட இருக்கற குட்டிக்கு மாட்டி விடுவாங்க. அதுதான் சட்டை. ஆடு மோந்து பார்க்கும். தன் வாசனைதான். நம்பிடும், பாவம். நக்கிக் கொடுக்கும், பால் கொடுக்கும். ரெண்டு மூணு நாள் கழிச்சுச் சட்டையைக் கழட்டினாலும் அது பாட்டுக்குக் குடிக்க விடும்.

இந்த வேலையில என் தங்கச்சியை மிஞ்ச ஆளே கிடையாது. அவளுக்கு ஊர்ல பேரு 'சின்னக்கை'. நிஜமாவே சின்னக் கை. என் வளையல் அவ கையில நிக்காது, தோள் வரைக்கும் ஏறிடும். குட்டி கால் மடங்கி உள்ள சிக்கிக்கிச்சுன்னா மத்தவங்க கை நுழையாத இடத்துல அவ கை நுழையும். கண்ணை மூடிக்கிட்டு, உதட்டைக் கடிச்சுக்கிட்டு, உள்ள தடவித் தடவிக் காலை நேராக்கி இழுத்துருவா. ஊர்ல எந்தப் பட்டியில ஆடு கத்தினாலும் "சின்னக்கையைக் கூப்பிடு"ன்னுதான் சொல்லுவாங்க. சட்டை உரிக்கறதும் அவதான். தையல்காரி மாதிரி அளவெடுத்த கணக்கா உரிப்பா.

அப்பேர்ப்பட்டவளுக்கு வருஷக்கணக்கா வயித்துல ஒண்ணும் தங்கல. ஊர் ஆட்டுக்கெல்லாம் பிரசவம் பார்த்துட்டு வீட்டுக்கு வந்து தலையணைக்குள்ள முகத்தை வச்சு அழுவா. போன வருஷக் கடைசியில ஒருநாள் வண்டிக் கண்ணாடியைத் தட்டி, "அக்கா, தள்ளிப் போயிருக்கு"ன்னா. நான் சந்தோஷத்துல ஹாரனை அமுக்கினதுல எதிர்ல வந்த சைக்கிள்காரன் பள்ளத்துல இறங்கிட்டான். இந்தக் குட்டி போடுற காலம் ஆரம்பிச்சப்போ அவளுக்கு ஏழாவது மாசம்.

அவ வாக்கப்பட்ட வீட்டுக்குப் பெரிய தலை அவ மூத்தார். புருஷனோட அண்ணன். ஊர்ல அவருக்குப் பேரு கிடாக்காரர். முன்னெல்லாம் மரியாதையா 'அண்ணே'ன்னுதான் கூப்பிடுவேன். தூரத்துச் சந்தையிலிருந்து ஒரு கிடாவும் கூடவே பத்துப் பெட்டை ஆடும் வாங்கிட்டு வந்தார். கிடான்னா கிடா, கன்னுக்குட்டி உசரம், இடுப்பு வரைக்கும் தாடி. தினமும் காலையில அதைக் கட்டிலுக்குப் பக்கத்துல நிக்க வச்சுக் கொம்புக்கு எண்ணெய் தடவுவார். பெத்த புள்ளைக்குக் கூட அப்படி யாரும் தலை வாரி விட மாட்டாங்க. ஊர்ல யார் ஆடு பருவத்துக்கு வந்தாலும், "நம்ம கிடா இருக்குல்ல, கொண்டா"ன்னு சொல்லி சும்மாவே விடுவார். அதுல அவருக்கு ஒரு பெருமை. ஊர்ல பாதிப் பட்டியில அந்த வம்சம்தான். அதனால அந்தக் கிடாவைப் பத்தி ஒரு வார்த்தை சொன்னா ஊரே சண்டைக்கு வரும்.

இந்தக் குட்டி போடுற காலத்துலதான் ஊர் ஆம்பளைங்களுக்கு ஒரு காய்ச்சல் வந்துச்சு. சாயங்காலமானா குளிரும், உடம்பு தெப்பமா வேர்க்கும், காலையில விட்டுடும். நாலு நாள் நல்லா இருப்பாங்க, மறுபடி வரும். இடுப்பு வலி, முட்டி வலி, எதுலயும் பிடிப்பில்லாம மூலையில சாஞ்சு உக்காந்துக்கறது. நாங்க பொம்பளைங்க எல்லாம் சிரிச்சோம். பால் கேனைப் பார்த்தா வர்ற காய்ச்சல்னு சொல்லிக் 'கேன் காய்ச்சல்'னு பேரு கூட வச்சோம். என் வீட்டுக்காரருக்கும் வந்துச்சு. வண்டியில கேன் ஏத்தறது அவர் வேலை. ஒரு கேனைத் தூக்கிட்டு இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே தரையில உக்காந்துட்டார். நான் வாய்க்கு வந்தபடி திட்டிட்டு, அப்புறம் முகத்தைப் பார்த்தா எனக்கே பயமாயிடுச்சு. நேரா டவுன் ஆஸ்பத்திரிக்கு வண்டியை விட்டேன்.

டாக்டரம்மா சின்னப் பொண்ணுதான், ஆனா வெட்டு ஒண்ணு துண்டு ரெண்டுன்னு பேசற ஆளு. எனக்குப் பிடிச்சுப்போச்சு. வயித்தை அமுக்கிப் பார்த்தாங்க, ரத்தம் எடுத்தாங்க. ரெண்டாவது தடவை போனப்போ கேட்டாங்க:

"ஆட்டுப்பால் பச்சையா குடிப்பீங்களா?"

இவர் நெஞ்சை நிமித்திக்கிட்டு, "தினமும் கேன் மூடியில ஊத்தி நுரையோட குடிச்சிடுவேன். காய்ச்சினா சத்து போயிடும்ல"ன்னார்.

டாக்டரம்மா கையில இருந்ததைக் கீழ வச்சுட்டு ரெண்டு பேரையும் ஒரு பார்வை பார்த்தாங்க. ஒரு பேரு சொன்னாங்க, எனக்கு வாயில நுழையல. ஆட்டுலேருந்து மனுஷனுக்கு வர்ற காய்ச்சலாம். பச்சைப் பால்ல வருமாம். அதை விட மோசம், குட்டி போடும்போது வர்ற தண்ணியிலயும் நஞ்சுக்கொடியிலயும் செத்த குட்டி மேலயும் அந்தக் கிருமி அப்பிக் கிடக்குமாம். கையில ஒரு கீறல் இருந்தாக்கூடப் போதுமாம். வாரக்கணக்குல மாத்திரை போட்டா சரியாயிடும்னாங்க. டிப்போல பாலைக் காய்ச்சித்தான் விக்கறாங்க, நீங்க ஏன்யா இப்படின்னு இவரை ஒரு வாங்கு வாங்கினாங்க.

எனக்கு அதெல்லாம் காதுல விழல. "மாசமா இருக்கறவங்களுக்கு வந்தா என்ன ஆகும் டாக்டரம்மா?"ன்னு கேட்டேன்.

"குழந்தை வயித்துக்குள்ளயே சாகலாம். ஏன், யாரு?"

சொன்னேன். கையை உள்ள விடுவாளே, அதையும் சொன்னேன். அந்தம்மா நாற்காலியை விட்டு எந்திரிச்சுட்டாங்க.

"நாளைக்கே கூட்டிட்டு வாங்க. சீக்கிரமா ரத்தம் பார்த்து மாத்திரை ஆரம்பிச்சா குழந்தையைக் காப்பாத்தப் பார்க்கலாம். அதுவரைக்கும் ஆட்டுப் பக்கமே விடாதீங்க."

"இவர் மாத்திரையிலயே ரெண்டு கொடுத்தா?"

"கொடுத்துடாதீங்க! அவங்களுக்கு இது ஆகாது, அது வேற மாத்திரை." அப்புறம் கேட்டாங்க, "ஊர்ல குட்டி நிறைய சாகுதா?"

நான் தினமும் ஒவ்வொரு பட்டி வாசல்லயும் வண்டி நிறுத்தறவ. எங்க பார்த்தாலும் ஆட்டுக்குப் பக்கத்துல குட்டி நிக்குது. "இல்லையே"ன்னுட்டேன். என் கண்ணு முன்னாடி இருந்ததைத்தான் சொன்னேன். டாக்டரம்மா கால்நடை ஆபீஸுக்கு அப்பவே போன் பண்ணாங்க. நாங்க ஊர் திரும்பறதுக்குள்ளயே ஜீப்புல ஒருத்தர் வந்துட்டார். எந்தப் பட்டிப் பாலுன்னு எனக்கே தெரியாது, எல்லாம் ஒரே வண்டியில ஏறுது. ஊர்ப் பெரிய பட்டின்னு கிடாக்காரர் பட்டிக்குத்தான் அவரைக் கூட்டிட்டுப் போனாங்க. முன் கொட்டகையில ஆடும் குட்டியுமா நின்னதை மட்டும் பார்த்துட்டு, பின் பட்டிப் பக்கமே போகாம, "எல்லாத்துக்கும் குட்டி இருக்கே, அப்புறம் வந்து ரத்தம் எடுக்கறோம்"னு சொல்லிட்டுக் கிளம்பிட்டார். அந்த 'அப்புறம்' எப்பன்னு அவரும் சொல்லல, யாரும் கேட்கவும் இல்ல.

நான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்னைக்கே தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டேன். கூடத்துல கிடாக்காரர் எண்ணெய்க் கிண்ணத்தோட உக்காந்திருந்தார். தங்கச்சி புருஷன் கதவோரமா நின்னான். நான் மூச்சு விடாம எல்லாத்தையும் கொட்டினேன்.

அந்த மனுஷன் குரலையே உயர்த்த மாட்டார். அதுதான் எனக்கு எரியும். கிடாவோட கொம்பைத் துடைச்சுக்கிட்டே, "ஏம்மா ஹாரன், ரத்தம் அவ கையிலருந்து எடுப்பாங்க. பேரு எந்தப் பட்டிக்கு வரும்?"னு கேட்டார்.

"என்னண்ணே கேக்கறீங்க? புள்ளைத்தாச்சி அவ!"

"அதான் கேக்கறேன். அவ ரத்தத்துல ஏதோ இருக்குன்னு ஒரு வார்த்தை வந்தா, நாளைக்கே ஜீப்பு திரும்பி வந்து என் ஆட்டை எல்லாம் குழி தோண்டிப் புதைக்கும். அப்புறம் கிடா போன பட்டி எல்லாத்துலயும் புதைக்கும். ஊரு என்னை நிக்க வச்சுக் கேக்கும். இன்னும் கொஞ்ச நாள், குட்டி போடுற காலம் முடியட்டும். நானே என் கையால கூட்டிட்டுப் போறேன்."

"அதுக்குள்ள இவளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா?"

"எங்க அம்மா என்னைப் பட்டியிலதான் பெத்தா. எனக்கு என்ன ஆச்சு?"

உங்களுக்கு என்ன ஆகலைன்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. தங்கச்சி புருஷன் பக்கம் திரும்பினேன். "மாப்ள, உங்க புள்ளையைப் பத்திப் பேசறோம். வாயில என்ன கொழுக்கட்டையா?"ன்னேன். அவன் அண்ணனைப் பார்த்தான், தரையைப் பார்த்தான். "அண்ணன் சொல்றதும் சரிதானே அண்ணி, கொஞ்ச நாள்தானே"ன்னு மென்னு முழுங்கினான். எனக்கு வந்த கோவத்துல அந்த எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து அவன் தலையிலயே கவுத்திருப்பேன்.

தங்கச்சியைக் கையைப் பிடிச்சு வெளிய வண்டிக்கிட்ட இழுத்துட்டு வந்தேன். வண்டி மறைவுல நிக்க வச்சுக் கேட்டேன்.

"உண்மையைச் சொல்லு. இந்தத் தடவை எத்தனை குட்டி செத்துச்சு?"

அவ தன் கையைப் பார்த்துக்கிட்டு நின்னா. "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சொல்லியிருக்கேன்க்கா."

"யாரு வீட்ல?"

"எல்லார் வீட்லயும்."

எனக்கு அப்பத்தான் மண்டையில உறைச்சுது. ஒவ்வொரு வீட்லயும் இவளைக் கூப்பிட்டிருக்காங்க. குட்டி செத்து விழுந்திருக்கு. 'வெளிய தெரிஞ்சா பால் எடுக்க மாட்டாங்க, பக்கத்து வீட்ல கூடச் சொல்லிடாத'ன்னு இவகிட்ட வாக்கு வாங்கியிருக்காங்க. இவ தோலை உரிச்சு, வேற பட்டியிலிருந்து மிச்சக் குட்டியை வாங்கிட்டு வந்து சட்டையை மாட்டி விட்டிருக்கா. குட்டி கடன் கேக்கறதும் கொடுக்கறதும் எங்க ஊர்ல சகஜம், யாருக்கும் சந்தேகம் வரல. ஈரத் தோலோட குட்டிங்க இந்தப் பட்டிக்கும் அந்தப் பட்டிக்கும் நடந்திருக்கு, நோயும் கூடவே நடந்திருக்கு. வெளிய இருந்து பார்த்தா ஆட்டுக்குப் பக்கத்துல குட்டி. ஜீப்புக்காரருக்கும் குட்டி, எனக்கும் குட்டி. ஒவ்வொருத்தனும் தன் பட்டியில மட்டும்தான் கேடுன்னு நினைச்சு வாயைத் தச்சுக்கிட்டான். ஊர் மொத்தத்துக்கும் தெரிஞ்சது இந்த ஒருத்திக்குத்தான், இவ வாக்கு கொடுத்துட்டாளாம்!

"அடிப்பாவி, உன் வாக்குல இடி விழ! உன் வயித்துல இருக்கறதுக்கு நீ வாக்கு கொடுக்கலையா?"ன்னு கத்தினேன்.

அவ வயித்து மேல கையை வச்சுக்கிட்டா. கண்ணு நிறைஞ்சிடுச்சு. "உதைக்குதுக்கா, பாரு"ன்னு என் கையை எடுத்து வச்சா. நல்லாத்தான் உதைச்சுது, கேனைத் தூக்கற வேகம். "நாளைக்குப் பால் ஏத்திட்டு வா. நானே வண்டியில ஏறிக்கறேன். யார்கிட்டயும் சொல்லாத"ன்னா. அவளே டாக்டரம்மாகிட்ட எல்லாத்தையும் சொல்லிடுவான்னு நானும் வாயைப் பொத்திக்கிட்டேன்.

மறுநாள் காலையில அவங்க வாசல்ல நின்னு ஹாரன் அடிச்சேன். வரல. இன்னும் ஒரு தடவை அடிச்சேன். கிடாக்காரர் பொண்டாட்டி, அதான் இவ ஓரகத்தி, எட்டிப் பார்த்து, "முன் கொட்டகையில இருக்கா"ன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டா. ஓடினேன்.

கிடாக்காரருக்குப் பிடிச்ச ஆடு அது, பழுப்பு நிறம், நெத்தியில வெள்ளை. தரையில படுத்துக் கத்திட்டிருந்துச்சு. என் தங்கச்சி சாக்கு மேல மண்டி போட்டு, வயிறு தரையில இடிக்காம ஒரு பக்கமா சாஞ்சுக்கிட்டு, முழங்கை வரைக்கும் கையை உள்ள விட்டிருந்தா. முழங்கை வரைக்கும்! கிடாக்காரர் ஆட்டோட தலையைப் பிடிச்சுக்கிட்டு, "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்"னு இவளுக்குச் சொல்லிக் கொடுக்கறார். இவளுக்கு!

"எடுடி கையை!"

"இந்த ஒண்ணு மட்டும்க்கா. இப்ப விட்டா ஆடு செத்துரும்"னா, கண்ணைத் திறக்காமலே.

குட்டி வழுக்கிக்கிட்டு வந்து விழுந்துச்சு. அசையல. இவ மடி, கை, வயித்துத் துணி எல்லாம் அந்தத் தண்ணி. கிடாக்காரர் கத்தியை நீட்டினார். "சீக்கிரம்மா, ஈரம் காயறதுக்குள்ள"ன்னார். என் தங்கச்சி அதையும் வாங்கினா. நான் பாஞ்சு அவ தோளைப் பிடிச்சேன். கிடாக்காரர் தம்பியைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார், அவன் வந்து குறுக்க நின்னான். "அண்ணி, வெளிய பால் வெயில்ல கிடக்குது. போங்க, நான் பார்த்துக்கறேன்"னான். என்னத்தைப் பார்த்துக்கிட்டான்? அவ உரிச்சதைப் பார்த்துக்கிட்டு நின்னான்.

அதுக்கப்புறம் என்னை வீட்டுக்குள்ளயே விடல. காலையில போனா தூங்கறாளாம். மத்தியானம் போனா குளிக்கறாளாம். அப்படி என்னதான் குளிப்பா, குளத்துலயா பொறந்தா? ஒருநாள் மத்தியானம் ஓரகத்தி வாசலை மறிச்சு நிக்க, நான் சமையல்கட்டு வழியா உள்ள நுழைஞ்சுட்டேன். வெளிய மண்டையைப் பொளக்கற வெயில். உள்ள ரெண்டு கம்பளியைப் போத்திக்கிட்டு என் தங்கச்சி பல்லு தந்தியடிக்கக் கிடக்கா. என்னைப் பார்த்ததும் என் கையைத் தேடிப் பிடிச்சு வயித்து மேல வச்சா.

"காலையிலருந்து உதைக்கலக்கா."

நான் அவளைத் தூக்கினேன். பால் கேன் தூக்கற உடம்பு இது, தூக்கிட்டேன். வாசல்ல கிடாக்காரர் வந்து, "எங்க கொண்டு போற? என்கிட்ட ஒரு வார்த்தை"ன்னு ஆரம்பிச்சார். "நகருய்யா, இல்லன்னா வண்டியை உன் மேலயே ஏத்துவேன்"னேன். நகர்ந்தார். தங்கச்சி புருஷன் ஓடி வந்து பின்னாடி கேனுங்களுக்கு நடுவுல ஏறிக்கிட்டான். ஏறாதன்னு சொல்லக்கூட எனக்கு நேரமில்ல.

டாக்டரம்மா வயித்து மேல கருவியை வச்சாங்க. இடம் மாத்தி மாத்தி வச்சாங்க. அப்புறம் எடுத்துட்டாங்க. என்னை வெராண்டாவுக்குக் கூப்பிட்டு, "நாளைக்கேன்னு சொன்னேனே! நாளைக்கேன்னுதானே சொன்னேன்!"னு கத்தினாங்க. கத்தும்போதே அந்தம்மாவுக்கும் அழுகை வந்துடுச்சு. ஊரையே வாயால அடக்கறவ நான். சுவத்தோரமா நின்ன தங்கச்சி புருஷனைக் கையால மட்டும் காட்டினேன்.

பையன். முடி கருகருன்னு இருந்துச்சு. கை மட்டும் அவன் அம்மா கை, சின்னது.

ரத்தத்துல அதேதான் இருந்துச்சு. இப்போ கொடுத்தாங்க மாத்திரை. அப்பவே ரத்தம் பார்க்க விட்டிருந்தா அப்பவே கிடைச்சிருக்குமே! இனிமே எந்தப் பட்டிக்குள்ளயும் கால் வைக்கக் கூடாதுன்னு சொல்லி அனுப்பினாங்க. அவளைப் பரிசோதிச்சதைக் கால்நடை ஆபீஸுக்கும் சொல்லிட்டாங்க. ஆபீஸ்ல அடுத்த வாரம் ஆள் அனுப்பறோம்னாங்களாம். அடுத்த வாரம் என்ன நடக்கும்னு எனக்குத் தெரியாதா? கிடாக்காரர் முன் கொட்டகையைப் பெருக்கி, குட்டியோட ஆட்டை நிறுத்தி வச்சு, வாங்க வாங்கன்னு பல்லைக் காட்டுவார். "பட்டியில ஒண்ணுமே இல்ல, அவ எங்கயோ வெளிய போய்த் தொத்திக்கிட்டு வந்தா"ன்னு ஊர் பூரா அதுக்குள்ள சொல்லியும் வச்சுட்டார்.

அவளை என் வீட்டுக்குத்தான் கூட்டிட்டு வந்தேன். வந்த ரெண்டாம் நாள் அவளுக்குப் பால் கட்டிக்கிச்சு. அதுக்கு என்ன தெரியும், புள்ளை இல்லன்னு? துணியை இறுக்கிக் கட்டிக்கிட்டு அவ சுவத்தைப் பார்த்துப் படுத்திருந்தா. நான் பக்கத்து ரூம்ல நின்னுக்கிட்டு அந்த வீட்டையே திட்டினேன். வேற என்ன பண்றது?

மறுநாள் காலையில வண்டியை எடுக்கும்போது வந்து முன் சீட்டுல உக்காந்தா. "வீட்டுல இருடி"ன்னேன். "என் துணிமணி எடுக்கணும்"னா. முகத்தைப் பார்த்தா துணி எடுக்கப் போற முகமா தெரியல. சரின்னு வண்டியை எடுத்தேன். என் வீட்டுக்காரர் கேன்களோட பின்னாடி ஏறிக்கிட்டார்.

கிடாக்காரர் வாசல்லதான் அந்தத் தெருக்காரங்க எல்லாரும் பால் கொண்டு வந்து நிப்பாங்க. அன்னைக்கும் கேனும் தூக்கும் கையுமா பத்து இருபது பேர். இவ இறங்கினதும் எல்லாரும் கேனுக்குள்ள எதையோ தேடற மாதிரி குனிஞ்சுக்கிட்டாங்க. ஒருத்திகூட நிமிர்ந்து பார்க்கல. எல்லார் வீட்டுக்கும் போய்க் கையை விட்டவ.

கிடாக்காரர் உள்ளருந்து வந்தார். கையில ஒரு குட்டி, பால் வெள்ளை, ஒரு காது மட்டும் கருப்பு. கிடாவோட வாரிசு. கூட்டத்துக்கும் கேக்கற மாதிரி ஆரம்பிச்சார்.

"நடந்தது நடந்து போச்சும்மா. யார் கையில என்ன இருக்கு? இந்தா, இது உனக்குத்தான். வச்சு வளர்த்துக்கோ. கையில ஒரு உசுரு இருந்தா மனசு ஆறிடும்."

அந்தக் குட்டி பசியில கத்துச்சு. கத்தினதும் என் தங்கச்சி மார்புல கட்டியிருந்த துணி நனைஞ்சுது. எல்லாரும் பார்த்தாங்க. அவளும் குனிஞ்சு பார்த்தா. அப்புறம் நிமிர்ந்து அவரைப் பார்த்தா.

"இதுக்கும் சட்டை மாட்டி என்கிட்ட விடறீங்களா மாமா?"

அவ்வளவுதான் கேட்டா. கத்தல, அழல. அவருக்கு நீட்டின கையை மடக்கவும் தெரியல, நீட்டவும் தெரியல.

"நான் ஆடு இல்ல மாமா"ன்னா. "என் புள்ளை வாசனை எனக்குத் தெரியும்."

"என்னம்மா இப்படிப் பேசற, நாலு பேர் முன்னாடி"ன்னு சிரிக்கப் பார்த்தார். "என் பட்டியில ஒரு குட்டி செத்திருக்கா? கேளு இவங்களை!"

"அப்போ பின் பட்டியைத் திறங்க."

"எதுக்கு? சும்மா மனுஷங்க வேலையைக் கெடுத்துக்கிட்டு."

"நான் உள்ள வர மாட்டேன். டாக்டரம்மா வரக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. இனிமே என் கை எந்தப் பட்டிக்குள்ளயும் வராது. நீங்களே திறங்க."

அவர் நகரல. நான் வண்டியை விட்டு இறங்கறதுக்குக் கதவைத் திறந்தேன். அதுக்குள்ள தங்கச்சி புருஷன் அண்ணனைத் தாண்டி நடந்து போனான். "டேய்"ன்னார். அவன் நிக்கல. "டேய், சொல்றேன்ல!"ன்னார். அந்த மனுஷன் குரல் உசந்து அன்னைக்குத்தான் முதல் தடவையா கேட்டேன். தம்பி பின் பட்டித் தாழ்ப்பாளைத் தூக்கிக் கதவைக் காலால உதைச்சான்.

தாய் ஆடுங்களை உள்ள கட்டியிருந்துச்சு. குட்டிங்க மட்டும் திமுதிமுன்னு வெளிய ஓடி வந்துச்சு. வந்துக்கிட்டே இருந்துச்சு. வெள்ளைக் குட்டி மேல கருப்புத் தோல். கருப்புக் குட்டி மேல பழுப்புத் தோல். சிலது மேல காஞ்சு சுருண்டு கழுத்தைச் சுத்தித் தொங்குது. சிலது மேல முழுத் தோல் கூட இல்ல, மாசம் தெகையாம குறையா விழுந்ததோட தோலை முதுகுல கயிறு போட்டுக் கட்டி விட்டிருக்கு. எல்லாம் என் தங்கச்சி அளவெடுத்து உரிச்சது. பால் கேனுங்களுக்கு நடுவுல புகுந்து, தெரு முழுக்க நின்னு, அம்மா அம்மான்னு கத்துச்சு. நாத்தம் வண்டி வரைக்கும் வந்துச்சு.

கிடாக்காரரைத் திட்டுவாங்கன்னு பார்த்தேன், ஒருத்தர் வாயும் திறக்கல. எதிர் வீட்டுக்காரி, என்கிட்ட தினமும் வம்பளக்கறவ, தன் தூக்கைக் கீழ வச்சா. என் தங்கச்சியை ஒரு நிமிஷம் பார்த்தா. "எங்க வீட்ல மட்டும்தான்னு நினைச்சேன்டி"ன்னா. சொல்லிட்டு நேரா அவ வீட்டுக்குப் போய்ப் பின்கதவைத் திறந்து விட்டா. அங்கருந்தும் வந்துச்சு. அடுத்த வீட்டுக்காரன் தலையில அடிச்சுக்கிட்டே போய்த் திறந்தான். அதுக்கடுத்த வீடு. தெரு கொள்ளல. என் வீட்டுக்காரர், ஏத்தின கேனை எல்லாம் ஒண்ணொண்ணா இறக்கித் தரையில வச்சார்.

கிடாக்காரர் அந்த வெள்ளைக் குட்டியை இன்னும் கையிலயே பிடிச்சுக்கிட்டு நின்னார். அது அவர் விரலைச் சப்பிக்கிட்டிருந்துச்சு.

என் தங்கச்சி வந்து வண்டியில ஏறிக் கதவைச் சாத்தினா. நனைஞ்ச துணி மேல ரெண்டு கையையும் கட்டிக்கிட்டு உக்காந்தா. அவ புருஷன் கண்ணாடிப் பக்கம் வந்து நின்னான், அவ திரும்பல.

"டாக்டரம்மாவுக்குப் போன் போடுக்கா"ன்னா. "அடுத்த வாரம் வேண்டாம், இப்பவே வரச் சொல்லு. எந்த எந்த வீட்டுல எத்தனைன்னு நான் சொல்றேன்."

"அதுவரைக்கும் இதுங்க ஒண்ணும் உள்ள போகக் கூடாது"ன்னா அப்புறம். நான் போன் போட்டுச் சொல்லிட்டு ஹாரனை அமுக்கினேன். குட்டிங்க மிரண்டு தெருவுலயே கூடி நின்னுச்சு, அதுவரைக்கும் திறக்காத வீட்டுக் கதவெல்லாமும் திறந்துச்சு. ஜீப்பு வர்ற வரைக்கும் நான் ஹாரன்லருந்து கையை எடுக்கல.